நான்கு ஸ்கிலிங்: ஒரு டென்மார்க் வெள்ளிச் சில்லறையின் கணக்கு

டென்மார்க்கில் 1854-இல் வெளிவந்த 4 ஸ்கிலிங் நாணயத்தின் எடை 1.856 கிராம். நம் கையில் ஒரு காலத்தில் புழங்கிய எவர்சில்வர் 10 பைசாவே 2 கிராம் இருக்கும். இது அதைவிட லேசு. விற்பவர்கள் இதை வெள்ளி நாணயம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இதிலுள்ள வெள்ளி நான்கில் ஒரு பங்குதான், மீதி முக்கால் பங்கும் செம்பு மாதிரியான மலிவான உலோகம். முதன்முதலாக வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள். "இது வெள்ளியா, வெள்ளி முலாமா?" என்று கேட்பார்கள்.

நல்ல கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் டென்மார்க் பணத்தின் கதையில் பாதி வந்துவிடும். அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நாணயங்களில் எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பெரிய பெரிய வெள்ளி நாணயங்களைக் காட்டுவதில்லை. இந்தச் சின்னக் காசைத்தான் உள்ளங்கையில் வைக்கிறேன்.

முதலில் பெயர். இதன் முழுப்பெயர் '4 ஸ்கிலிங் ரிக்ஸ்மோன்ட்'. ரிக்ஸ் என்றால் ராஜ்ஜியத்துடையது, மோன்ட் என்றால் நாணயம். ராஜ்ஜிய நாணயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கிலிங் என்பது ஆங்கிலேயரின் ஷில்லிங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரன். சொல் ஒன்று, மதிப்பு வேறு. 96 ஸ்கிலிங் சேர்ந்தால் ஒரு ரிக்ஸ்டாலர். அது என்ன 96 என்று தோன்றும். ரிக்ஸ்டாலருக்கு 6 மார்க், மார்க்குக்கு 16 ஸ்கிலிங். ரூபாய்க்கு 16 அணா என்று எண்ணிப் பழகிய நம் தாத்தா பாட்டிக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டிருக்கும். நூறைவிடத் தொண்ணூற்றாறு சந்தைக்கு வசதியானது. பாதி, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று எல்லாமே பின்னமில்லாமல் பிரியும். நம் 4 ஸ்கிலிங், ரிக்ஸ்டாலரில் இருபத்துநாலில் ஒரு பங்கு.

சரி, 'ராஜ்ஜிய நாணயம்' என்று தனியாக ஏன் பெயர் சொல்ல வேண்டும்? ஏற்கனவே ஸ்கிலிங் என்று ஒன்று இருந்ததுதானே? இருந்தது. ஒன்றல்ல, பல. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1807-இல் பிரிட்டிஷ் படை கோபன்ஹேகன் நகரத்தின் மேல் குண்டு மழை பொழிந்து, டென்மார்க்கின் போர்க்கப்பல்களைக் கைப்பற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு டென்மார்க் நெப்போலியன் பக்கம் சேர்ந்தது. 1814 வரை பிரிட்டனோடு போர். வணிகம் படுத்துவிட்டது, செலவு ஏறிக்கொண்டே போனது. காகிதப் பணத்தை அச்சடித்துத் தள்ளினார்கள். கடைசியில் 1813 ஜனவரி 5 அன்று ஓர் அரசாணை வந்தது: பழைய ஆறு ரிக்ஸ்டாலர் நோட்டுக்கு இனிமேல் புதிய ஒரு ரிக்ஸ்பாங்க்டாலர். டென்மார்க் வரலாற்றில் இதற்கு 'அரசு திவால்' என்றே பெயர். புதுப் பணத்துக்குப் பின்பலமாக, நாட்டிலிருந்த நிலம், வீடு எல்லாவற்றின் மதிப்பிலும் 6 சதவீதத்தை முதல் அடமானமாக 'ரிக்ஸ்பாங்க்' என்ற புதிய வங்கிக்கு எழுதி வைக்கச் சொன்னார்கள். அடுத்த ஜனவரியில், அதுவரை டென்மார்க் மன்னரின் கீழிருந்த நார்வேயும் கைவிட்டுப் போனது.

அந்த நாள்களின் சில்லறையைப் பார்த்தால் நிலைமை புரியும். 1813 முதல் 1815 வரை ஓடியது பெரும்பாலும் செம்பு வில்லைகள். 16 ஸ்கிலிங் என்று பொறித்ததுகூடச் செம்புதான். நாணயம் என்றே சொல்லாமல் 'ரிக்ஸ்பாங்க் அடையாளம்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயரில் ஒரு நேர்மை தெரிகிறது. உள்ளே வெள்ளி இல்லை, வங்கியின் வாக்குதான் இருக்கிறது என்று காசே சொல்லிவிடுகிறது.

வாக்கின் மேல் நம்பிக்கை திரும்ப வர நாளாயிற்று. 1818-இல் அரசின் பிடியிலிருந்து விலக்கி, பங்குதாரர்களின் தேசிய வங்கியைத் தொடங்கினார்கள். 1838 வாக்கில்தான் நோட்டின் மதிப்பும் வெள்ளியின் மதிப்பும் சமமாயின. 1845 முதல் நோட்டைக் கொடுத்து வெள்ளியாகவே வாங்கிக்கொள்ள முடிந்தது. திவாலிலிருந்து முழுதாக எழுந்து நிற்க முப்பத்திரண்டு வருடம்.

அதே 1845-இல்தான் தரங்கம்பாடியும் கை மாறியது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தின் பேரில் அங்கே வந்து, டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி உட்கார்ந்த டென்மார்க்காரர்கள், அதையும் வங்காளத்திலிருந்த செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். தரங்கம்பாடிக்குத் தனி நாணயங்கள் உண்டு. அவற்றின் அலகு 'காஸ்', நம் காசுதான். 80 காஸ் ஒரு ராயலின், அதாவது ஒரு பணம். மன்னர் எட்டாம் கிறிஸ்டியனின் முத்திரை எழுத்தோடு 4 காஸ் செம்பு நாணயம் அங்கே ஓடிய அதே காலத்தில், அவருடைய சொந்த நாட்டில் அவர் தலை பொறித்த 4 ஸ்கிலிங் வெள்ளி ஓடியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அந்த எட்டாம் கிறிஸ்டியன் காலத்து வெள்ளிச் சில்லறையில் ஒரு விநோதம் உண்டு. 1842-ஐ ஒட்டிய 4 ஸ்கிலிங் நாணயத்தில் இரண்டு மதிப்பு எழுதியிருக்கும்: '4 ரிக்ஸ்பாங்க்ஸ்கிலிங்', கூடவே '1¼ ஷில்லிங் குரண்ட்'. காரணம் தெற்கே இருந்த ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் சிற்றரசுகள். அவை டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தாலும் அங்கே வியாபாரம் ஹாம்பர்க் பக்கம் சாய்ந்திருந்தது. ஹோல்ஸ்டைன் சந்தையில் எண்ணுவது ஷில்லிங் குரண்ட் கணக்கில். ஒரு ரிக்ஸ்பாங்க்டாலர் 30 ஷில்லிங் குரண்ட். அதாவது 96 ஸ்கிலிங்கும் 30 ஷில்லிங்கும் சமம்; வகுத்துப் பார்த்தால் 4 ஸ்கிலிங்குக்கு 1¼ ஷில்லிங் வரும். 8 ஸ்கிலிங் காசில் 2½, 16 ஸ்கிலிங்கில் 5, 32 ஸ்கிலிங்கில் 10 என்று எழுதினார்கள். ஒரே காசைக் கோபன்ஹேகன் கடைக்காரர் ஒரு எண்ணாகவும், ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனா கடைக்காரர் வேறு எண்ணாகவும் படித்தார். ஒரு ராஜ்ஜியம் இரண்டு பக்கமும் இழுபட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

1848-இல் அந்தச் சிற்றரசுகளுக்காகவே போர் மூண்டது. 1851-இல் ஓய்ந்தது. அப்புறம்தான் 1854-இல் பெயரைச் சுத்தமாக மாற்றினார்கள். ரிக்ஸ்பாங்க்டாலர் வெறும் ரிக்ஸ்டாலர் ஆயிற்று. ரிக்ஸ்பாங்க்ஸ்கிலிங், 'ஸ்கிலிங் ரிக்ஸ்மோன்ட்' ஆயிற்று. மதிப்பில் மாற்றமில்லை, பெயர்தான் மாறியது. இரண்டாவது எண் நாணயத்திலிருந்து காணாமல் போனது. 1854 நாணயத்தை எடுத்து 'ரிக்ஸ்மோன்ட்' என்று படிக்கும்போது, இது முழு ராஜ்ஜியத்துக்கும் ஒரே காசு என்று ஓர் அரசு வலியுறுத்திச் சொல்வது காதில் விழும். பத்தே வருடத்தில், 1864 போரில், பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அந்தச் சிற்றரசுகளைப் பிடுங்கிக்கொண்டன என்பது வேறு கதை.

இப்போது தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். கால் பங்கு வெள்ளி ஏன்?

நகைக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது எளிது. மாற்று (உலோகத்தில் வெள்ளி எத்தனை பங்கு என்பது), எடை இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வெள்ளியை எடை போடக் 'கொலோன் மார்க்' என்ற அளவைப் பயன்படுத்தினார்கள், சுமார் 233.85 கிராம். இந்த மார்க் எடை, பணமாகிய மார்க் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு கொலோன் மார்க் சுத்த வெள்ளியிலிருந்து 18½ ரிக்ஸ்டாலர் செய்ய வேண்டும் என்பது விதி. அதன்படி ஒரு ரிக்ஸ்டாலர் நாணயத்தில் சுத்த வெள்ளி 12.64 கிராம். நாணயத்தின் முழு எடை 14.447 கிராம், மாற்று ஆயிரத்துக்கு 875.

இதே விகிதத்தில் 4 ஸ்கிலிங்குக்கு எவ்வளவு வெள்ளி வர வேண்டும்? 12.64-ஐ 24-ஆல் வகுத்தால் சுமார் 0.527 கிராம். ஆனால் நாணயத்தில் உண்மையில் இருப்பது 1.856 கிராமில் கால் பங்கு, 0.464 கிராம். சுமார் 12 சதவீதம் குறைவு. அடுத்த படியான 16 ஸ்கிலிங் நாணயத்தைப் பாருங்கள்: எடை 3.898 கிராம், பாதி வெள்ளி. அதில் குறைவது 7, 8 சதவீதம்தான். திருப்பிப் போட்டுப் பார்த்தால் கணக்கு இன்னும் அழகாக விழும். ஒரு மார்க் சுத்த வெள்ளியைப் பெரிய நாணயமாக அடித்தால் 18½ ரிக்ஸ்டாலர். 16 ஸ்கிலிங்காக அடித்தால் 20 ரிக்ஸ்டாலர். 4 ஸ்கிலிங்காக அடித்தால் 21 ரிக்ஸ்டாலர். காசு சிறிதாகச் சிறிதாக வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இது ஏமாற்று இல்லை. தெரிந்தே, அளந்து செய்த ஏற்பாடு.

ஏன் அப்படி? ஒன்று, செய்கூலி. ஒரு ரிக்ஸ்டாலரை ஒரே அடியில் அச்சடிக்கலாம். அதே மதிப்புக்கு 4 ஸ்கிலிங் வேண்டுமென்றால் 24 வில்லை வெட்டி, 24 தடவை அச்சில் வைக்க வேண்டும். அந்தக் கூலியை எங்கேயோ பிடிக்கத்தானே வேண்டும்?

இரண்டாவது, கை. உயர்ந்த மாற்றில் 4 ஸ்கிலிங் செய்திருந்தால் அது வெறும் 0.6 கிராம் இருந்திருக்கும். மீன் செதில் மாதிரி. குளிர்காலத்தில் விறைத்த விரலால் அதை எப்படி எண்ணுவது? பையின் தையலில் புகுந்து தொலைந்துபோகும். மலிவு உலோகத்தைக் கலந்து, பிடித்து எண்ணும்படியான பருமனுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கும் கீழே, அரை ஸ்கிலிங், ஒரு ஸ்கிலிங் எல்லாம் வெள்ளியே இல்லாமல் வெண்கலத்தில் வந்தன.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெள்ளி விலை கொஞ்சம் ஏறினால், முழு வெள்ளி நாணயத்தை உருக்கி விற்பது லாபமாகிவிடும். உருக்கினால் நஷ்டம் என்ற நிலையில் இருக்கும் காசு சந்தையை விட்டுப் போகாது. கடையில் மிச்சம் கொடுக்கக் கையில் இருக்கும். சில்லறை சில்லறையாகவே நிலைப்பதற்கு அதன் உள்ளிருப்பு முகமதிப்பைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். டேனிஷ் மொழியில் இவ்வகைக் காசுக்கு 'ஸ்கில்லெமோன்ட்' என்று தனிப்பெயர் உண்டு. தமிழில் அழகாகவே இருக்கிறது: சில்லறை.

ஆக, வெள்ளியா முலாமா என்றால், வெள்ளிதான், மாற்று குறைந்த வெள்ளி. 1813-இன் செம்பு வில்லை முழுக்க வாக்கு. ரிக்ஸ்டாலர் முழுக்கச் சரக்கு. நம் 4 ஸ்கிலிங் பெரும்பங்கு சரக்கும் சிறுபங்கு வாக்குமாக நடுவில் நிற்கிறது.

இந்தக் காசுக்கு என்ன வாங்கலாம்? உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று, தபால். டென்மார்க்கின் முதல் தபால்தலை 1851 ஏப்ரல் 1 அன்று வந்தது. பழுப்பு நிறம், நடுவில் கிரீடமும் தபால்கொம்பும், மதிப்பு 4 ரிக்ஸ்பாங்க்ஸ்கிலிங். அப்போதுதான் நாடு முழுவதும் தூரம் பார்க்காமல் ஒரே கட்டணம் வந்தது. சாதாரணக் கடிதத்துக்கு முன்கட்டணம் 4 ஸ்கிலிங். கோபன்ஹேகனுக்குள் என்றால் பாதி. 1854-இல் நாணயத்தோடு தபால்தலையும் பெயர் மாறி, வெறும் 'ஸ்கிலிங்' என்று வந்தது. ஆக இந்தக் காசு ஒன்றைக் கொடுத்தால், வட யூட்லாந்திலிருந்து தலைநகரில் வேலை செய்யும் மகனுக்கு ஒரு கடிதம் போகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் இந்த நாணயத்தை வெறும் உலோகமாகப் பார்க்க முடியவில்லை.

நாணயத்தின் முகம் இரண்டு வகை. 1850-களில் அடித்தவற்றில் ஏழாம் பிரெடரிக்; 1849-இல் அரசியலமைப்பை ஏற்று முழு முடியாட்சியை முடித்துவைத்தவர். 1860-களின் பிற்பகுதியிலிருந்து வந்தவற்றில் ஒன்பதாம் கிறிஸ்டியன். தலையைச் சுற்றியிருக்கும் எழுத்து லத்தீன். டேன்களின் மன்னர் என்பதோடு, பழைய பட்டங்களின் சுருக்கமாக 'வி.ஜி.' என்ற எழுத்துகளும் வரும். வாண்டலர், கோத்தர் ஆகியோருக்கும் மன்னர் என்று அதற்குப் பொருள். சின்னச் சின்ன எழுத்துகளைத் தேடுங்கள், லென்ஸ் வேண்டும். 'எஃப்.கே.' என்று இருந்தால் பதக்கச் சிற்பி பிரெடரிக் கிறிஸ்டோபர் க்ரோன், அச்சு வெட்டியவர். 'வி.எஸ்.' என்றால் கோபன்ஹேகன் நாணயச்சாலைத் தலைவர் ஸ்வென்சன். ஆல்டோனா நாணயச்சாலைக் காசில் சிலுவை வைத்த உருண்டை இருக்கும்.

தொடக்கநிலை ஆட்கள் இடறுவது பெரும்பாலும் பெயரில்தான், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஸ்கிலிங் என்று கண்டதும் டென்மார்க் என்று முடிவு கட்ட வேண்டாம். நார்வேயிலும் ஸ்கிலிங் உண்டு, ஆனால் அங்கே 120 ஸ்கிலிங் ஒரு ஸ்பெசியடாலர். ஸ்வீடனிலும் இருந்தது, 48 ஸ்கிலிங் ஒரு ரிக்ஸ்டாலர். அதோடு விட்டார்களா? 1855-இல் ஸ்வீடன் நூறு கணக்குக்கு மாறியபோது தன் புதிய பணத்துக்கு 'ரிக்ஸ்டாலர் ரிக்ஸ்மின்ட்' என்று பெயர் வைத்தது. டென்மார்க்கின் ரிக்ஸ்மோன்ட்டுக்கு அடுத்த வருடமே, காதுக்கு அப்படியே ஒலிக்கும் பெயர், மதிப்போ பாதிதான். விற்பவர்களே மாற்றி எழுதிவிடுவது உண்டு. மன்னர் பெயரைப் படித்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

ஸ்கிலிங்கின் முடிவு 1870-களில் வந்தது. ஒன்றுபட்ட ஜெர்மனி வெள்ளியை விட்டுத் தங்கத்துக்கு மாறியது. பிரிட்டன் ஏற்கனவே தங்கத்தில் இருந்தது. டென்மார்க்கின் வியாபாரம் இந்த இருவரோடுதான். தனியாக வெள்ளியைக் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை. 1873-இல் டென்மார்க்கும் ஸ்வீடனும் ஸ்காண்டிநேவிய நாணய ஒன்றியத்தை ஏற்படுத்தின, 1875-இல் நார்வேயும் சேர்ந்தது. புதிய அலகு குரோன். ஒரு கிலோ சுத்தத் தங்கத்துக்கு 2480 குரோன். குரோனுக்கு 100 ஓரே. டென்மார்க்கின் ஒரு ரிக்ஸ்டாலருக்கு 2 குரோன், ஸ்வீடனின் ரிக்ஸ்டாலருக்கு 1, நார்வேயின் ஸ்பெசியடாலருக்கு 4. மூன்று நாட்டுக் காசும் மூன்று நாட்டிலும் செல்லும். டென்மார்க்கில் 1875 ஜனவரி 1 முதல் கணக்கு குரோனில்.

நம் 4 ஸ்கிலிங்குக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு? 8⅓ ஓரே. அப்படி ஒரு காசு புதுவரிசையில் இல்லை. அதன் இடத்துக்குக் கிட்டத்தில் வந்தது 1874-ஆம் ஆண்டிட்ட 10 ஓரே: 1.45 கிராம், 15 மில்லிமீட்டர் குறுக்களவு, மாற்று ஆயிரத்துக்கு 400. கூடவே 2.42 கிராம் எடையில் 600 மாற்றில் 25 ஓரே. லத்தீன் போய், 'கிறிஸ்டியன் ஒன்பது, டென்மார்க்கின் மன்னர்' என்று டேனிஷ் மொழியிலேயே எழுதினார்கள். பின்பக்கம் ஒரு கடல்பன்றியும் ஒரு வாற்கோதுமைக் கதிரும், கடலும் வயலும். கோபன்ஹேகன் நாணயச்சாலையின் இதயக் குறியும் இருக்கும். 4 ஸ்கிலிங்கில் பிடித்துப்போனவர்கள் அடுத்து வாங்க வேண்டியது இதைத்தான். இந்த வெள்ளி 10 ஓரே 1919 வரை வந்தது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? முதலில் தராசு. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். தேய்ந்த காசு 1.856-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும்; மேலே போனால் யோசியுங்கள்.

அப்புறம், மன்னரின் கன்னம். கலப்பு அதிகமான வில்லையை அச்சில் வைப்பதற்கு முன் அமிலத்தில் முக்கி, மேற்பரப்பிலிருக்கும் செம்பை அரித்துவிடுவார்கள். அதனால் மேலே ஒரு மெல்லிய தோல் மட்டும் வெள்ளி மிகுந்து, புதுக்காசு நல்ல வெள்ளி போலப் பளிச்சென்று இருக்கும். கை பட்டுப் பட்டு அந்தத் தோல் தேயும். தலையில் மேடான இடங்கள், காதுக்கு மேலே முடி, கன்ன எலும்பு, அங்கேதான் முதலில் தேயும். அடியிலிருந்து செம்பின் பழுப்பு எட்டிப் பார்க்கும். குழிவான இடங்களில் எழுத்தைச் சுற்றி இன்னும் வெண்மை மிச்சமிருக்கும். இது குறை இல்லை. முலாம் என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இதே காரணத்தால்தான் இந்தக் காசைத் துலக்கவே கூடாது. புளி, விபூதி, பற்பசை, கடையில் விற்கும் வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். நல்ல மாற்று வெள்ளியைத் தேய்த்தால் கீறல் விழும், அவ்வளவுதான். கால் பங்கு வெள்ளியைத் தேய்த்தால் இருக்கிற மெல்லிய தோலே போய்விடும். சேகரிப்பவர் எவரும் அதை விரும்பமாட்டார். நான் தொடக்கத்தில் ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன். கருமை பிடித்திருந்தால் கருமையோடே இருக்கட்டும்.

தரத்தைக் குறிக்க டென்மார்க்கில் தனி முறை உண்டு, விற்பனைப் பட்டியலில் பார்த்துக் குழம்ப வேண்டாம். 0 என்றால் புழங்காத புத்தம் புதுக்காசு. 01 அதற்கடுத்தது. பிறகு 1+, அப்புறம் வெறும் 1, நன்றாகத் தேய்ந்தது. சிறிய எண்தான் உயர்ந்தது. முதல் காசுக்கு 1+ போதும் என்பது என் எண்ணம். முகம் தெரியும், எழுத்து தெரியும், எத்தனையோ கைகளில் புழங்கியதும் தெரியும்.

இடமிருந்தால் பழுப்பு நிற 4 ஸ்கிலிங் தபால்தலை ஒன்றையும் தேடிப் பிடித்து, காசுக்குப் பக்கத்தில் வையுங்கள். 1875-இல் கணக்கு ஓரேக்கு மாறியபோது 4 ஸ்கிலிங் கடிதக் கட்டணம் 8 ஓரே ஆயிற்று. மீதி மூன்றில் ஒரு ஓரேயைக் கடிதம் எழுதுகிறவர்களுக்கே விட்டுவிட்டார்கள்.